சுருக்கம் சார் சத்தம் போட்ட மலை

நகரக் குடிநீர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், புகார்ப் பிரிவு இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் விவரமான ஆள். புகார் சொல்ல வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். பாதிக் கோபம் அதிலேயே போய்விடும். மீதிக் கோபத்தை வாங்கிக்கொள்ள அங்கே இருபத்தொன்பது வருடமாக ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுருக்கம் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு வெளியே அது வந்ததே இல்லை.

யாராவது வந்து மேஜையைக் குத்துவார்: "ஏன்யா, ஒரு வாரமா குழாயில சாக்கடை வருது. உங்க அதிகாரி வீட்டுக்கு ஒரு குடம் அனுப்பட்டுமா? குடிச்சுப் பார்ப்பாரா?" சுருக்கம் சார் கடைசி வார்த்தை வரை பொறுமையாகக் கேட்பார். அந்த ஆள் மூச்சு வாங்கும்போது தன்னுடைய தண்ணீர் பாட்டிலையே எடுத்து நீட்டுவார். பிறகு கோப்பில் எழுதுவார்: 'நீரின் நிறம் குறித்து மனுதாரர் கவலை தெரிவிக்கிறார்.' ஒரு நாள் ஒருவர் நாற்காலியைத் தூக்கிச் சன்னல் பக்கம் வீசினார். கோப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'மனுதாரர் அமர விரும்பவில்லை.' படிக்கிற அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊரில் எல்லோரும் எவ்வளவு பண்பாகப் புகார் சொல்கிறார்கள் என்று பூரித்துப் போவார்.

இதைப் பொய் என்று யாராவது சொன்னால் சுருக்கம் சாருக்குக் கோபம் வரும் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவருக்குக் கோபம் வந்ததை யாரும் பார்த்ததில்லை. சூடாக வருவதை ஆற வைத்துக் கொடுப்பதுதான் தன் வேலை என்று மனதார நம்பினார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி யார்? நகரப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். மைக் அக்கா என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த வண்டி எந்த மேடை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற ஜாதி இல்லை அக்கா. "ஏழாவது மேடையில நீலச் சட்டை போட்டவரே, பையைத் திறந்து வச்சுட்டுத் தூங்குறீங்க, முழிச்சுக்குங்க." "குழந்தையை இடுப்புல வச்சிருக்கிற அம்மா, ஒரு செருப்பு விழுந்துடுச்சு, பின்னாடி பாருங்க." இருபத்தாறு வருடம் இப்படித்தான். வீட்டுக்கு வந்தால் மைக் கிடையாது, தேவையும் கிடையாது. சுருக்கம் சார் வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுவது மூன்றே வார்த்தைதான்: "சரி", "அப்படியா", "ஆகட்டும்".

அந்தக் குரல்தான் ஒரு நாள் கரகரத்தது. மறுநாள் பாதியில் நின்றது. காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"குரல்நாண்ல ஒரு முடிச்சு விழுந்திருக்கு, மிளகு அளவுக்கு. இருபத்தோரு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல். என்ன வேணும்னாலும் எழுதிக் காட்டுங்க. கரைஞ்சா நல்லது. இல்லைன்னா வெட்டணும். வெட்டினா பழைய குரல் அப்படியே திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அக்கா தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் ஏற்கெனவே ஒரு மூலையில் பதிவு செய்த குரலில் பேசுகிற இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். உப்புச் சப்பில்லாத குரல். அக்கா எப்போது நாற்காலியை விட்டு எழுந்திருப்பார் என்று அது காத்துக்கொண்டிருந்தது.

"இந்தக் குரல் போயிடுச்சுன்னா நான் யாருங்க?" என்றார் அக்கா. அன்றைக்குக் கடைசியாகப் பேசியது அதுதான்.

சுருக்கம் சார் "சரி, சரி" என்றார். இந்தக் குரலை எப்பாடு பட்டாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அந்த ஆட்டோவிலேயே முடிவு செய்தார்.

ஆனால் வீட்டில் முடிகிற காரியமா அது? மறுநாள் காலை பத்து மணிக்குள் அக்கா நாலு முறை வாயைத் திறந்தார். பால்காரரிடம் ஒன்று, எதிர் வீட்டு மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றியவளிடம் ஒன்று, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரிடம் இரண்டு. நாலு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அப்போதுதான் சுருக்கம் சார் கண்ணில் அந்தத் துண்டறிக்கை பட்டது. பத்து நாள் மலை யாத்திரை. விடியலில் யோகா, நடுப்பகலில் தியானம், வழி நெடுக ஏழு புனிதத் தலங்கள், முடிவில் உச்சிக் குகையில் சிவலிங்க தரிசனம். கீழே சின்ன எழுத்தில், 'மௌன விரதம் இருப்போர் மதிக்கப்படுவர்.' பால்காரர் இல்லை, எதிர் வீடு இல்லை, கைபேசிக்குச் சிக்னல் இல்லை. சுருக்கம் சாருக்குச் சிவபெருமானே நேரில் வந்து விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். "தாராளமா போங்க, வாயை மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடணும், அவ்வளவுதான்" என்றார்.

அக்காவின் கழுத்தில் ஒரு சிலேட்டு, அதில் கயிற்றில் கட்டிய பலப்பம். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அக்காவின் பேச்சு எவ்வளவு தெளிவோ, கையெழுத்து அவ்வளவு அலங்கோலம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அக்கா, அவருக்கும் சில நேரம் சந்தேகம் வரும். இன்னொருவர் இருபத்தொன்பது வருடமாகக் கண்டவர்களுடைய மனுக்களையும் படித்துத் தேறிய அவர் கணவர். ஆகவே அக்கா எழுத, அவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்க என்று ஏற்பாடு.

யாத்திரையை நடத்தியவர் ஒரு யோகா மாஸ்டர். முப்பது வயது, உச்சிக் குடுமி, எலும்பே இல்லையோ என்று சந்தேகப்படும்படி வளைகிற உடம்பு. முதல் நாள் விடியலில், தகரக் கூரை போட்ட கூடத்தில், முப்பது பேரும் பாயில் உட்கார்ந்து குனிந்தார்கள். எல்லோரும் கால் விரலைத் தொட, சுருக்கம் சார் முழங்காலைத் தொட்டுவிட்டு அதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டார். அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் முதல் தலம், ஒரு சுனை. எல்லோரும் மூன்று முறை முங்க வேண்டும் என்றார் மாஸ்டர். அக்கா ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் பரபரவென்று எழுதினார்: 'ஐஸ் தண்ணி. முங்கச் சொல்றவன் மொதல்ல முங்கட்டும்.'

"அம்மா என்ன சொல்றாங்க சார்?" என்றார் மாஸ்டர்.

சுருக்கம் சார் சிலேட்டைப் பார்த்தார். இருபத்தொன்பது வருடப் பழக்கம், கையை விட்டா போகும்?

"நீங்க வழிகாட்டினா எல்லாருக்கும் உற்சாகமா இருக்கும்னு நினைக்கிறாங்க."

மாஸ்டர் நெகிழ்ந்து போனார். ஒரே குதி. வெளியே வரும்போது பல் தந்தியடித்தது, ஆனாலும் கைகூப்பினார். அக்கா கணவரை முறைத்தார். காது கேட்காமலா இருக்கிறது அவருக்கு? வாய்தானே மூடியிருக்கிறது. சிலேட்டாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார்.

மறுநாள் பாறையில் பாதச் சுவடு இருக்கிற இடத்தில் தியானம். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்த பிறகு, யாருக்கு என்ன அனுபவம் என்று மாஸ்டர் கேட்டார். அக்கா எழுதினார்: 'பக்கத்துல குறட்டை. என் புருஷன்தான்.'

"அருகிலேயே ஒரு நாதம் கேட்டுச்சாம்" என்று வாசித்தார் சுருக்கம் சார்.

"ஆஹா!" என்றது முழுக் கூட்டமும். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருடமாக மலை ஏறுகிறேன், எனக்கே கேட்டதில்லையே என்றார். அன்று சாயங்காலத்திலிருந்து மைக் அக்கா மௌனத்தம்மா ஆகிவிட்டார். காலையில் பல் துலக்க வெளியே வந்தால் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். 'இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?' என்று அக்கா எழுதுவார். "எல்லாரும் அவங்கவங்க வேலையில சிறக்கணும்னு வாழ்த்துறாங்க" என்று சுருக்கம் சார் வாசிப்பார். அக்கா சிலேட்டால் அவர் தலையில் தட்டுவார். அதைப் பார்த்துவிட்டு ஒரு மருந்துக்கடைக்காரர், "அம்மா, எனக்கும் ஒரு தட்டு" என்று வழுக்கைத் தலையை நீட்டினார். பின்னால் வரிசை நின்றது. அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளே இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து ஆளுக்கொன்று போட்டார். வாங்கியவர்கள் தலைவலி விட்டுப்போனது என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுருக்கம் சாருக்கு இது பிடித்துப்போயிற்று. அவர் வாயைத் திறந்தால் முப்பது பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று அவருக்கு நடந்ததில்லை. அதோடு ஒவ்வொரு நாளும் இரவு படுக்கும்போது இன்னொரு நாள் பேசாமல் கழிந்ததே என்று நெஞ்சு நிறைந்தது.

அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இருந்தார். அறுபத்தெட்டு வயது, தனியாள், ஆண்டுக் கணக்காகக் குகையைப் பார்க்க ஆசைப்பட்டவர். நடக்கும்போதும் சாப்பிடும்போதும் அக்காவின் பக்கத்திலேயே இருந்தார். தன் வீட்டுக்காரர் போனது, மகன் தூரதேசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவது, கணக்குப் பாடத்தில் தான் முட்டை போட்ட பையன் இப்போது வங்கி மேலாளராக இருப்பது எல்லாவற்றையும் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக அக்கா ஒருவர் பேசி முடிக்கும்வரை கேட்டார். கேட்கக் கேட்க அந்தப் பெண்மணி மேல் அவருக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. அவர் கம்பளி நழுவினால் அக்காதான் இழுத்துவிடுவார்.

எட்டாம் நாள் காலை. உச்சிக் குகைக்குப் போகிற நாள். கடைசி முகாமில் மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அக்கா பயிற்சி செய்யவில்லை, டீச்சரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் மயங்கி விழப்போகிறார், யார் வாந்தி எடுக்கப்போகிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகிய கண் அது. சிலேட்டை நிரப்பிக் கணவரிடம் கொடுத்தார்: 'டீச்சருக்கு உதடு நீலம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு வாய் சாப்பிடலை. என்ன கிழமைன்னு கேட்டா தேதி சொல்றாங்க. மேல ஏத்தினா கொன்னுடுவ. இப்பவே கீழ அனுப்பு.'

மாஸ்டர் ஓடி வந்து கைகட்டி நின்றார். டீச்சரம்மாவும் ஆவலாகப் பார்த்தார். சுருக்கம் சார் யோசித்தார். இத்தனை வருடம் ஆசைப்பட்டு வந்தவர் முகத்துக்கு நேரே எப்படி 'கொன்னுடுவ' என்று வாசிப்பது? நல்ல நாளும் அதுவுமாக?

"டீச்சரம்மா உடம்பைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்றாங்க" என்றார்.

"பார்த்தீங்களா!" என்று டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது பேர்ல அம்மா என்னைத்தான் நினைச்சிருக்காங்க. இனிமே எனக்கென்ன பயம்? நான் ஏறிடுவேன்."

அக்கா ஓங்கிய சிலேட்டு இந்த முறை சுருக்கம் சார் முதுகில் விழுந்தது. மறுபடி எழுதினார், இன்னும் பெரிய எழுத்தில். "ரொம்பக் கவனமா பார்த்துக்கணுமாம்" என்றார் அவர். அக்காவால் பொறுக்க முடியவில்லை. வாயைத் திறந்தார். சுருக்கம் சார் பாய்ந்து உள்ளங்கையால் அந்த வாயை மூடினார்.

"வேண்டாம்மா! இன்னும் பத்தே நாள். மாஸ்டர்தான் கூட இருக்காரே, ஆக்சிஜன் இருக்கு, தூக்கறதுக்கு ஆள் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

அந்த ஆக்சிஜன் உருளையும் தூக்குகிற நாலு பேரும் முன்னால் போய்விட்டார்கள். அக்கா டீச்சரம்மாவின் கையை விடவில்லை. அதனால் மூன்று பேரும் கடைசியில் வந்தார்கள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் இரண்டு ஆள் போகிற பாதை. பாதை வளைந்து வளைந்து ஏறியதால், முன்னால் போனவர்கள் மேல் வளைவில், தலைக்கு மேலே தெரிந்தார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிடுகிறவர் யார் என்று ஒன்று இருக்கிறதே!

டீச்சரம்மா திடீரென்று நின்றார். "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார். பிறகு அப்படியே பாறையில் சாய்ந்து, வழுக்கி உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்தார். மூச்சு கொரகொரவென்று இழுத்தது.

அக்கா அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். அந்த மூச்சு எதற்கென்று சுருக்கம் சாருக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் அந்த வாயைப் பொத்தினார்.

"நான் கத்துறேன்! நீ பேசாதே! நான் கத்துறேன்!"

கத்தினார். அவர் கத்தல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். "மாஸ்டர்... கொஞ்சம் இங்க வந்துட்டுப் போக முடியுங்களா?" அது பக்கத்திலிருந்த புல்லுக்குக்கூடக் கேட்டிருக்காது. இன்னொரு முறை, கையைக் குவித்துக்கொண்டு: "சின்னதா ஒரு உதவி தேவைப்படுது!" மேலே மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையையும் ஆட்டினார். "வாங்க சார்! மேலேர்ந்து பார்த்தா இன்னும் அருமையா இருக்கு!" என்று அவர் கூவியது மட்டும் நன்றாகக் கேட்டது.

அக்கா டீச்சரம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் எழுதி, சிலேட்டைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் கண் தன் வழக்கப்படி அதைக் கத்தரிக்கத் தொடங்கிவிட்டது. 'உடல்நிலை குறித்து' என்று நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது டீச்சரம்மாவின் உதட்டைப் பார்த்தார். நீலம். காலையில் தான் விழுங்கிய நீலம். சிலேட்டில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து வாசித்தார்.

"டேய் மாஸ்டர்! எருமை மாடு! நில்லுடா அங்கேயே! டீச்சர் விழுந்துட்டாங்க! மூச்சு இழுக்குது! ஆக்சிஜனைத் தூக்கிட்டு ஓடி வாடா! செத்துடுவாங்கடா!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது, எருமை மாட்டை இரண்டு முறை. மேலே வரிசை நின்றது. ஆனால் யாரும் நகரவில்லை.

"அம்மா சோதிக்கிறாங்களா சார்?" என்று மாஸ்டர் குரல் நடுங்கி வந்தது. "அம்மா இப்படியெல்லாம் சொல்ல மாட்டாங்களே! அவங்க எழுதினதை அப்படியே வாசிங்க சார்!"

அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாக எதுவும் எரியாத இடத்தில் பற்றிக்கொண்டது. சுருக்கம் சார் சிலேட்டைப் பார்க்கவில்லை. பாதையின் விளிம்புக்குப் போய் நின்றார்.

"அப்படியேதான்டா வாசிக்கிறேன்! இன்னைக்குத்தான்டா அப்படியே வாசிக்கிறேன்! அம்மா உன்னை ஒரு நாளும் வாழ்த்தலை! சுனைத் தண்ணியில உன்னைத்தான் மொதல்ல முங்கச் சொன்னாங்க! நாதமும் இல்லை, மண்ணும் இல்லை, அது என் குறட்டை! தலையில தட்டினது ஆசீர்வாதம் இல்லை, கோபம்! எல்லாரையும் கோபத்துலதான் அடிச்சாங்க! டீச்சரை மேல ஏத்தினா கொன்னுடுவன்னு காலையிலேயே எழுதினாங்க! நான்தான் மாத்திச் சொன்னேன்! நான் ஒரு பொய்யன்! நான் ஒரு கோழை! ஓடி வாங்கடா! கால்ல விழறேன், ஓடி வாங்க!"

கடைசி வரியில் குரல் கிழிந்தது. அதற்குள் நாலு சுமைக்காரர்களும் உருளையோடும் தூக்கு நாற்காலியோடும் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டர் பாதையில் வரவில்லை. சரிவிலேயே உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு நாள் பழகிய யோகா எதற்கு உதவியதோ இல்லையோ, அதற்கு உதவியது. டீச்சரம்மா முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார்கள், நாற்காலியில் கட்டினார்கள், தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுருக்கம் சார் பின்னால் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு வந்தார். குகையை மூன்று பேரும் பார்க்கவில்லை.

கீழ் முகாமில் ஒரு சின்ன மருத்துவ அறை இருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் டீச்சரம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, எரிச்சலோடு கேட்டார்: "காலையிலேயே தெரிஞ்சிருக்குமே. யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சாங்க" என்றார் சுருக்கம் சார். காற்றுதான் வந்தது, சிரமப்பட்டு மறுபடி சொன்னார். "என் சம்சாரம் கவனிச்சாங்க. நான்தான் சொல்லலை."

மறுநாள் டீச்சரம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு சிவந்திருந்தது. சுருக்கம் சார் கட்டில் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். டீச்சரம்மா கையை உயர்த்தினார்.

"எனக்குக் குகையைப் பார்க்கக் கொடுப்பினை இல்லை. ஆனா நீங்க கத்தினது அரை மயக்கத்துல கேட்டுச்சு. முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பு எடுத்திருக்கேன், என்னால அப்படிக் கத்த முடிஞ்சதில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார், இருமல் வந்தது, மறுபடி சிரித்தார். சுருக்கம் சார் அழுதார். வெட்கப்படாமல், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதார். அக்கா அவருக்குத் தன் துண்டைக் கொடுத்தார்.

உச்சியிலிருந்து திரும்பியவர்கள் மௌனத்தம்மாவின் பக்கம் வரத் தயங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் வந்து, கோபத்தில் அடித்தாலும் தலைவலி போனது போனதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் சிலேட்டின் முன்னால் குனிந்து நின்றார். அக்கா எழுதியதைச் சுருக்கம் சார் வறட்டுக் குரலில் வாசித்தார்: "உனக்கு உடம்பு வளையுது, கண்ணு வளையலை. இனிமே ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூஞ்சியையும் பார்." வாசித்து முடித்ததும் எதையாவது விட்டுவிட்டாரா என்று அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினார்.

ஊருக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்த நாட்களில் அந்த வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. அக்கா பேசக்கூடாது. சுருக்கம் சாரால் பேச முடியவில்லை. பேசினால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது. குளிர்க்காற்று பட்டிருக்கும், தானாகச் சரியாகும் என்று கையைக் காட்டிச் சமாளித்தார். வென்னீரை ஒளித்து ஒளித்துக் குடித்தார். வீட்டில் சத்தமே இல்லாததைப் பார்த்துப் பயந்துபோன எதிர் வீட்டுக்காரி, ஒரு வாரத்தில் மூன்று முறை கதவைத் தட்டி இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை டாக்டரம்மாவின் அறை. சுருக்கம் சார் சுவரோரமாக நின்று கையைப் பிசைந்தார். மலையில் வாயைப் பொத்தியது போதுமா, அந்த முதல் மூச்சிலேயே ஏதாவது கெட்டுப்போயிருக்குமா என்று பத்து நாளாக அவர் தூங்கவில்லை. குழாய் உள்ளே போனது. டாக்டரம்மா திரையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"கரைஞ்சிடுச்சு" என்றார். "நான் எதிர்பார்க்கவே இல்லை. உண்மையிலேயே ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

அக்கா இல்லை என்று தலையை அசைத்தார்.

"எப்படிம்மா முடிஞ்சுது? சரி, இப்ப பேசலாம். மெதுவா ஒரே ஒரு வாக்கியம். உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க."

இருபத்தோரு நாள் தேக்கி வைத்தது எவ்வளவு இருக்கும்! சுருக்கம் சார் தலையைக் குனிந்துகொண்டார். எது வந்தாலும் தனக்கு வேண்டியதுதான் என்று தயாராக நின்றார். அக்கா எச்சிலை விழுங்கினார். தொண்டையைச் செருமக்கூடப் பயந்து, மெல்ல வாயைத் திறந்தார். கொஞ்சம் கரகரப்பு; அதற்குள்ளே பழைய குரல், முழுசாக.

"என் தொண்டை கிடக்கட்டும் டாக்டர், எனக்காகக் கத்தினது இவரு, மொதல்ல இவர் தொண்டையைப் பாருங்க."

டாக்டரம்மா விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். சுருக்கம் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்து வாயை அகலமாகத் திறந்தார்.